இரண்டாவது தாள்

கல்லூரியில் ஒன்றாகப் பயின்றவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒன்றுகூடும் வழக்கம் இந்நாட்களில் நம் குடும்பங்களிடையே வேரூன்றி வருகிறது. வெள்ளிவிழா, பொன்விழா என்றால் ஒரு காலத்தில் குருக்களுக்கும் கன்னியருக்கும் மணமக்களுக்கும் மட்டுமே உரியவையாக இருந்தன. இன்றோ 1975-இல் வேதியியல் பயின்ற வகுப்புக்கும் பொன்விழா நடக்கிறது. யாரோ ஒருவர் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குகிறார். அவருக்குத் தெரிந்த ஐவர், அவ்வைவருக்குத் தெரிந்த இருபதின்மர் என்று ஒரு திங்களுக்குள் வகுப்பில் முக்கால் பங்கு அதில் சேர்ந்துவிடுகிறது. பின்னர் ஒரு நாள் குறிக்கப்படுகிறது. பழைய வகுப்பறையைப் பார்க்கிறார்கள். உயிரோடிருக்கும் பேராசிரியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மதிய உணவோடு பிரிகிறார்கள்.

இதனைக் குறை கூறுவோர் உண்டு. நாம் அவர்களுள் ஒருவரல்லோம். அறுபதைக் கடந்த ஒருவரை 'டா' போட்டு அழைக்கும் உரிமை உடையவர் இவ்வுலகில் எத்தனை பேர்? பெற்றோர் மறைந்துவிட்டனர். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றுவிட்டனர். வீட்டில் அவர் தாத்தா, அலுவலகத்தில் ஐயா, பங்கில் பெரியவர். அவருக்குப் பதினெட்டு வயது இருந்ததைக் கண்ணால் கண்ட சாட்சிகள் உடன் பயின்றவர்கள் மட்டுமே. அச்சாட்சிகளோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறவர் வீடு திரும்புகையில் முகம் தெளிந்திருப்பதை அவருடைய இல்லத்தரசியார் நன்கு அறிவார்.

ஆயினும் அக்குழுக்களில் பரிமாறப்பெறும் செய்திகளைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். மகளுக்குத் திருமணம். பேரனுக்குத் திருமுழுக்கு. புதுவீடு மந்திரிப்பு. மகன் கனடாவில் குடியுரிமை பெற்றான். இவற்றுக்கெல்லாம் வாழ்த்துகள் மழையெனப் பொழிகின்றன. இடையிடையே மரணச் செய்தி வருகிறது. கைகூப்பிய சிறு படங்கள் வரிசையாக நிற்கின்றன. மறுநாள் காலையில் மீண்டும் பூங்கொத்துகள். மங்கலத்துக்கு இடமுண்டு, மரணத்துக்கும் இடமுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட வாழ்க்கைக்குத்தான் அங்கே இடமில்லை. மகள் கணவனைப் பிரிந்து வந்துவிட்டாள், மகன் குடிக்கிறான், கடைசி மூன்றாண்டுப் பணிக்கு ஓய்வூதியம் வரவில்லை, மனைவி தம் பிள்ளைகளின் பெயரையே மறந்துவருகிறாள் என்று எவரும் எழுதுவதில்லை. எழுதுவதில்லை என்பது மட்டுமன்று. அவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் கூட்டத்துக்கும் வருவதில்லை.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு வகுப்பு. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 1978-இல் பட்டம் பெற்றவர்கள். நாற்பதாம் ஆண்டில் அவர்கள் கூடியபோது வந்தவர்கள் அனைவரும் முதலில் விசாரித்தது, வராத ஒருவரைப் பற்றித்தான். விடுதி நாள் தோறும் மேடையில் பாடியவர் அவர். "பெரிய ஆளாகிவிட்டான், நம்மையெல்லாம் நினைப்பானா?" என்றார் ஒருவர். உண்மை வேறாக இருந்தது. அவர் நடத்திவந்த அச்சகம், ஈய எழுத்துக் கோக்கும் காலம் போய்க் கணினி வந்தபோது நொடித்துப்போயிற்று. வீட்டை விற்றார். ஊரை விட்டே பெயர்ந்து, வேறோர் ஊரில் உரக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். குழுவில் அவருடைய எண் இருந்தது. ஒவ்வொரு செய்தியையும் அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். புதுவீடு மந்திரித்த படங்களுக்கு நடுவே, வீடு விற்ற செய்தியை அவர் எந்த இடத்தில் வைப்பார்?

இச்சிக்கல் வாட்ஸ்அப்போடு பிறந்ததன்று. கல்லூரித் தோழர்கள் பிரிந்து தொலைவில் வாழத் தொடங்கிய நாள்முதல் இருந்துவருவது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதனை எதிர்கொண்ட ஒரு வகுப்புத் தோழர் கூட்டத்தை நம் வாசகர்கள் அனைவரும் அறிவர். அவர்களை வகுப்புத் தோழர்களாக எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம், அவ்வளவே. புனிதர்களாகப் பீடத்தில் நிற்பவர்களுக்கு விடுதி அறையும் தேர்வுப் பயமும் இருந்திருக்கும் என்று எண்ணுவது நமக்குக் கடினமாகவே இருக்கிறது.

பாரீசு மாநகரில் புனித பார்பரா கல்லூரி. அங்கே ஓர் அறையில் 1525 முதல் இருவர் தங்கிப் படித்துவந்தனர். ஒருவர் சவாய் மலைநாட்டில் சிறுவயதில் ஆடு மேய்த்த பீட்டர் ஃபேபர். மற்றவர் நவார் நாட்டுக் கோட்டையொன்றில் பிறந்த பிரபுக்குலத்தவரான பிரான்சிஸ் சவேரியார். இருவரும் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். 1529-இல் அவ்வறைக்கு மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு இருக்கும். கால் சற்றே விந்தும். சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றுத் தேறி வந்தவர். அவர்தாம் லொயோலா இஞ்ஞாசியார்.

இம்மூவரும் ஒத்த மனத்தினராய்ச் சந்தித்தார்கள் என்று எண்ணவேண்டாம். 1521-இல் பாம்பலோனா கோட்டைப் போரில் இஞ்ஞாசியாரின் காலை முறித்தது எந்த அணியின் குண்டோ, அந்த அணியில்தான் சவேரியாரின் அண்ணன்மார் நின்று போரிட்டனர். சவேரியார் இப்புதியவரிடம் நெடுநாள் ஒட்டவில்லை. ஃபேபர் ஒட்டினார். அரிஸ்டாட்டிலின் பாடம் இஞ்ஞாசியாருக்கு ஏறவில்லை; ஆசிரியர் பேஞ்ஞா, பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஃபேபரிடம் ஒப்படைத்தார். அறையும் மேசையும் செலவுக்கான பணமும் பொதுவாயின. சவேரியாரும் நாளடைவில் இளகினார். லெய்னஸ், சால்மரோன், பொபதில்லா, ரொட்ரீகஸ் என்னும் நால்வர் பின்னர் சேர்ந்தனர். 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்தர் குன்றில் இவ்வெழுவரும் வாக்குறுதி எடுத்துக்கொண்டதும், அதிலிருந்து சேசு சபை பிறந்ததும் மறைக்கல்வி வகுப்பில் படித்தவை. நாம் இங்குப் பேசவந்தது அதற்குப் பின்னர் நடந்ததை.

பின்னர் அவர்கள் பிரிந்தனர். கல்லூரித் தோழர்களாக ஓரறையில் இருந்தவர்கள், 1540-க்குப்பின் எல்லாரும் ஒருங்கே ஓரிடத்தில் கூடவேயில்லை. இந்தியாவுக்குச் செல்லவேண்டியவர் பொபதில்லா. அவர் நோயுற்றதால், ஓரிரு நாள் முன்னறிவிப்போடு சவேரியார் உரோமையை விட்டுப் புறப்பட்டார். உடன் செல்லவேண்டிய ரொட்ரீகஸை, லிஸ்பனில் மன்னர் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். ஃபேபர் செருமானிய நகரங்களில் அலைந்தார். லெய்னசும் சால்மரோனும் திரெந்துப் பொதுச்சங்கத்துக்குச் சென்றனர். இஞ்ஞாசியார் உரோமையில் ஒரு சிறு அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதினார். அவருடைய கடிதங்களாக இன்று கிடைப்பவை ஏறத்தாழ 7,000. வகுப்பின் முகவரி ஏட்டை வைத்திருப்பவர் என்று ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பாரல்லவா? அவ்வகுப்பில் அவர் இஞ்ஞாசியார்.

1542 டிசம்பர் 10-ஆம் நாள் இஞ்ஞாசியார் ஃபேபருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் மறைபொருள் விளக்கம் ஏதும் பெரிதாக இல்லை. கடிதம் எழுதும் முறையைப் பற்றிக் கண்டித்துச் சொல்கிறார். செய்தி இதுதான். எழுதுவதை இரண்டாகப் பிரித்து எழுதவேண்டும். முதன்மைக் கடிதம் ஒன்று; அதில் செய்த பணி, கண்ட பலன் ஆகியவை எவருக்கும் காட்டத்தக்க வகையில் அடங்கியிருக்கவேண்டும். நண்பர்கள் வந்து, உங்கள் தோழர் எப்படியிருக்கிறார், கடிதம் வந்ததா, காட்டுங்கள் என்று கேட்பார்கள். காட்டத்தகாதவை அதில் கலந்திருந்தால், காட்டவும் இயலாது, மறைத்தாலும் மனத்தாங்கல் வரும். ஆகவே ஏனைய செய்திகளையெல்லாம் தனித் தாளில் எழுதி உடன் வைக்கவேண்டும். முதன்மைக் கடிதத்தை ஒருமுறை எழுதிப் பார்த்து, திருத்தி, மறுபடியும் எழுதவேண்டும். தாமும் அவ்வாறே செய்வதாகக் கூறுகிறார். தனித் தாளுக்கோ அக்கட்டுப்பாடு வேண்டியதில்லை. அதனை அவசரமாகவும் எழுதலாம், நெஞ்சு நிறைந்து வழிகிறபடியும் எழுதலாம், ஒழுங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இக்கட்டளை பொபதில்லாவுக்கு எரிச்சலூட்டிற்று. இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்கத் தமக்கு ஓய்வில்லை என்ற பாங்கில் அவர் மறுமொழி எழுத, 1543-இல் இஞ்ஞாசியார் மிகப் பொறுமையோடு அவருக்குப் பதில் எழுத நேர்ந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொபதில்லா உண்டு. அவரும் வேண்டும்.

நம் வாட்ஸ்அப் குழு முழுவதும் முதல் தாள். திருத்தி எழுதியது, எவருக்கும் காட்டத்தக்கது, நல்ல சட்டையணிந்து நிற்பது. அதனைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. திருமணம் நடந்தது உண்மை, வீடு கட்டியதும் உண்மை. இஞ்ஞாசியாரே முதல் தாள் தேவை என்றுதானே சொன்னார்! அறுபது பேர் படிக்கும் இடத்தில் மகளின் மணமுறிவை ஒருவர் எழுதவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையுமன்று. அது அம்மகளுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அவர் காலத்தில் முதல் தாளோடு இரண்டாவது தாள் ஒரே உறையில் பயணம் செய்தது. நம்மிடமோ உறை திறந்ததும் ஒரு தாள்தான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, தோழனைப் பற்றி எல்லாம் அறிந்துகொண்டதாக எண்ணிவிடுகிறோம்.

அவ்வகுப்பின் இரு தாள்களும் நம் கடற்கரையோடு தொடர்புடையவை. சவேரியார் 1542 மே மாதத்தில் கோவா வந்திறங்கி, அவ்வாண்டின் அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடியும் புன்னைக்காயலும் மணப்பாடும் அவர் நடந்த மண். தமிழ் அறியாதவராய் வந்து, செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அப்பணியைப் பற்றி 1544 சனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து தோழர்களுக்கு எழுதிய நீண்ட கடிதம், முதல் தாளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1545-இல் அது பாரீசிலேயே அச்சாயிற்று. பரதவ மக்களின் நடுவிலிருந்தபோது தம் பழைய கல்லூரி அவர் நினைவுக்கு வந்திருக்கிறது: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரீசுக்குச் சென்று, படிப்பை மட்டும் சேர்த்துக்கொண்டு அதனைப் பயன்படுத்தாதிருப்போரை நோக்கிப் பித்தனைப்போல் உரக்கக் கூவவேண்டும் என்று பலமுறை தமக்குத் தோன்றுவதாக அதில் எழுதியிருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் தம் கல்லூரிக்கு அனுப்பிய செய்திகளுள் இதைவிடக் காரமானது ஒன்றை நாம் படித்ததில்லை.

அக்காலத்து அஞ்சலின் நிலையை நினைவில் கொள்ளவேண்டும. லிஸ்பனிலிருந்து ஆண்டுக்கொரு முறை கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்படும். எழுதிய கடிதம் கரை சேருமா என்பது ஐயமாதலால் ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். இங்கிருந்து கேட்ட கேள்விக்கு அங்கிருந்து விடை வர இரண்டாண்டு ஆகும். மலுக்குத் தீவுகளில் இருந்தால் மூன்றாண்டுக்கும் மேல். ஆகையால் சவேரியாரின் கடிதங்களில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுங்கள், விரிவாக எழுதுங்கள், ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதுங்கள். பொதுவாக 'அனைவரும் நலம்' என்ற சொல் அவருக்குப் போதவில்லை.

1546 மே மாதத்தில் அம்போயினா தீவிலிருந்து எழுதுகையில் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். தோழர்கள் தம் கடிதங்களின் கீழே தத்தம் கையால் இட்ட கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தோடு சேர்த்து எப்போதும் உடலோடு சுமந்து திரிகிறாராம். எழுவர் தங்கிய விடுதி அறைகளில் மிஞ்சியது அவ்வளவே. சில அங்குலக் காகிதம்.

அக்கடிதம் எழுதிய மூன்று மாதங்களுக்குள் ஃபேபர் உரோமையில் இறந்துபோனார். திரெந்துச் சங்கத்துக்குச் செல்லும்படி பணிக்கப்பட்டு, காய்ச்சலோடு வழிநடந்து வந்து, ஏழாண்டுக்குப்பின் இஞ்ஞாசியாரைக் கண்டு இரண்டு வாரம் உடனிருந்து, 1546 ஆகஸ்டு 1-ஆம் நாள் கண்மூடினார். வயது நாற்பது. சவேரியாருக்குச் செய்தி எட்டியபோது கல்லறையில் புல் முளைத்திருக்கும். மலாக்காவிலிருந்து திரும்பும் வழியில் கடும்புயலில் சிக்கியதை 1548 சனவரியில் கொச்சியிலிருந்து விவரிக்கும்போது, தாம் துணைக்கு அழைத்தவர்களுள் ஃபேபரின் ஆன்மாவையும் குறிப்பிடுகிறார். திருச்சபை ஃபேபரைப் புனிதராக அறிவித்தது 2013 டிசம்பரில். திருத்தந்தை பிரான்சிஸ் அதைச் செய்தார். அறைத்தோழர் அதனை நானூற்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கப்பல் தளத்தில் செய்துவிட்டார்.

இஞ்ஞாசியாருக்கும் சவேரியாருக்கும் இடையே கடைசியாக நடந்த கடிதப் போக்குவரத்து இரண்டாவது தாளின் இயல்பை நன்கு காட்டுகிறது. இவ்வாழ்வு முடியுமுன் உம்மைக் காண விரும்புகிறேன் என்றும், உம்மை என்னால் ஒருபோதும் மறக்கவியலாது என்றும் பொருள்பட இஞ்ஞாசியார் எழுதியிருந்தார். உணர்ச்சியை எளிதில் வெளிக்காட்டாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அச்சொற்களைக் கண்ணீரோடு படித்ததாகச் சவேரியார் 1552 சனவரியில் கொச்சியிலிருந்து பதில் எழுதினார். 1553 சூன் 28-ஆம் நாள் இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்துக் கடிதம் அனுப்பினார். சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் சவேரியார் உயிர்நீத்து அப்போது ஆறு மாதம் கடந்திருந்தது. 1552 டிசம்பர் 3. இஞ்ஞாசியார் அறியார்.

இவர்களிடையே மனக்கசப்பே இல்லை என்று நாம் சொல்லவந்தால் வரலாறு நம்மைக் கண்டிக்கும். லிஸ்பனில் தங்கிய ரொட்ரீகஸ், போர்த்துகல் மறைமாநிலத்தை நடத்திய முறையில் சிக்கல்கள் எழுந்து, 1552-இல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். உரோமைக்கு அழைத்து அவர்மீது விசாரணை நடத்தினர். நீக்கியவர் பழைய தோழர் இஞ்ஞாசியாரே. இருபதாண்டுகள் கழித்தே அவரால் போர்த்துகலுக்குத் திரும்ப முடிந்தது. இத்தகையவர் தோழமையை வெறுத்து ஒதுங்கியிருந்தால் வியப்பில்லை. ஆனால் 1577-இல், மற்றத் தோழர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்ட பின், பாரீசு நாட்களின் நினைவுகளை எழுதிவைத்தவர் அவர்தாம். முதல் வகுப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி, அவ்வகுப்பால் காயம்பட்டவர் கையிலிருந்து வந்தது. கடிதம் படிக்க ஓய்வில்லை என்ற பொபதில்லா அனைவருக்கும் பின்னர் 1590 வரை உயிரோடிருந்தார். எழுவருள் கடைசி ஆள். எழுத அவருக்கு ஓய்வு கிடைத்தபோது எழுதிப்போட எவருமில்லை.

பாளையங்கோட்டையில் 1923-இலும் சென்னையில் 1925-இலும் தொடங்கப்பெற்ற இரு கல்லூரிகள் அவ்வறைத் தோழர் இருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றில் பயின்ற நம் வாசகர்கள் பலர்.

உரக்கடைக் கணக்கரின் கதையை முடிக்காமல் விட்டோம். கூட்டம் முடிந்து சில மாதங்களுக்குப்பின், அவ்வகுப்பில் ஒருவர் அவருக்குத் தனியாக எழுதினார். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை; அக்கேள்வியை ஏற்கெனவே பலர் கேட்டு, அவர் விடையளிக்காமல் விட்டிருந்தார். எழுதியவர் தம் வீட்டுச் செய்தியைச் சொன்னார். தம் இரண்டாவது மகன் மூன்றாண்டாக வீட்டில் எவரோடும் பேசுவதில்லை என்றும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழி தெரியவில்லை என்றும், இதனை வேறெவரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதினார். அஞ்சலில், நீலநிற உள்நாட்டுக் கடிதத்தாளில். நான்காம் நாள் பதில் வந்தது. அச்சகம் மூடியது முதல் வீடு விற்றது வரை ஒன்பது பக்கம். உதவி கேட்டு ஒரு வரி கூட அதில் இல்லை.

இதில் நாம் கவனிக்கவேண்டியது வரிசை. நலமாயிருப்பவர் தம் நலத்தை மறைக்காமலே, தம் வீட்டின் நோவை முதலில் எடுத்துவைத்தார். வீழ்ந்தவனிடம் 'உன் துன்பத்தைச் சொல்' என்று கேட்பது எளிது. அது ஒருவகையில் மேலிருந்து கேட்பது. தன் தாளை முதலில் நீட்டியவனுக்கே மறுதாள் கிடைக்கும். அவ்வாறு நீட்டுவதற்குக் குழுவில் இடமில்லை என்பதால் குழுவை மூடிவிடவேண்டியதில்லை. அதிலிருக்கும் எண்களில் ஒன்றை எடுத்துத் தனியே அழைக்க எவரும் தடை செய்யவில்லையே! மாதத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தாண்டில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். நீண்டநாள் ஒரு வாழ்த்துக்கூடப் போடாதவரிடமிருந்து தொடங்குவது நல்லது.

இதுவரை நாம் ஆண்களைப் பற்றியே பேசிவந்தோம் என்று நம் தாய்மார்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அவர்களுடைய சிக்கல் வேறு. 1947-இல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ், 1948-இல் தூத்துக்குடியில் புனித மரியன்னை என்று மகளிர் கல்லூரிகள் எழுந்தபின் ஆயிரமாயிரம் பெண்கள் பட்டம் பெற்று வெளிவந்தனர். வருகைப் பதிவேட்டில் தந்தையின் பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்தோடு இருந்தவள், மணமானதும் கணவனுடைய தலைப்பெழுத்துக்கு மாறினாள், ஊரும் மாறினாள். ஒரு வகுப்பில் நான்கு மேரிகளும் மூன்று தெரசாக்களும் இருந்தால், தலைப்பெழுத்தும் போனபின் எந்த மேரியை எங்கே தேடுவது? ஆண்கள் வகுப்பில் காணாமற்போனவர் பெரும்பாலும் தாமே ஒளிந்துகொண்டவர். பெண்கள் வகுப்பில் காணாமற்போனவளை எவரும் ஒளித்துவைக்கவில்லை. பெயர் மாறியதால் தொலைந்தாள். அவளுடைய இரண்டாவது தாளை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்ற தேவையோ ஆண்களைவிட அவளுக்கு அதிகம். பிறந்த வீட்டில் சொன்னால் வருந்துவார்கள், புகுந்த வீட்டில் சொன்னால் வளர்ந்துவிடும் என்று அவள் அடக்கிவைத்தவை பல.

இவர்களைத் தேட நம்மிடம் ஒரு வழி உண்டு, பலர் அறியாதது. கத்தோலிக்கத் திருமணம் எந்தப் பங்கில் நடந்தாலும், அச்செய்தி மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தெரிவிக்கப்பட்டு, அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே குறிக்கப்படவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே உங்கள் தோழி பிறந்த ஊர் மட்டும் நினைவிருந்தால் போதும். அவ்வூர்ப் பங்குக்குருவுக்கு, அவளுடைய பெயர், தந்தையின் பெயர், உத்தேச வயது ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அவள் எங்கே மணமுடித்தாள் என்பது அவ்வேட்டின் ஓரத்தில் இருக்கக்கூடும். முகவரியை உங்களுக்குத் தரும்படி கேட்கவேண்டாம். அதைத் தருவது அவருக்குச் சங்கடம், அவளுக்கும் விருப்பமிருக்குமோ இராதோ. அவளுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டி உள்ளே வைத்து, மணம் நடந்த பங்கின் வழியாக அவளிடம் சேர்ப்பிக்க இயலுமா என்று மட்டும் கேளுங்கள். அஞ்சல்தலைக்கான தொகையையும் சேர்த்து வையுங்கள். பங்கு அலுவலகங்களில் அதற்கென்று தனி நிதி கிடையாது.